பெரிய கால்பந்து கிளப்புகளில் கோப்பையைத் தீர்மானிப்பது பணம் மட்டும்தானா?

வள்ளவிளை_7 (கேள்வி):

அண்ணன்மாரே, எங்க கிளப் வாட்ஸப் குரூப்புல இந்தச் சண்டை முடியவே மாட்டேங்குது. ஒரு கட்சி, "மான்செஸ்டர் சிட்டி, செல்சி, பாரிஸோட பிஎஸ்ஜி எல்லாம் பணக்காரன் வாங்குன பிறகுதானே கோப்பை தூக்குனானுவ, பிறகென்ன பேச்சு" என்குது. மறு கட்சி, காசு குறைஞ்ச லெஸ்டர் 2016ல இங்கிலாந்து லீக்கை எடுத்ததைக் காட்டுது. ரெண்டு பேரும் அதே நாலு உதாரணத்தை வச்சுத்தான் அடிச்சுக்கிடுதானுவ.

கணக்கு தெரிஞ்சவங்க சொல்லுங்க. டிரான்ஸ்பர் காசைப் பார்க்கணுமா, சம்பளத்தையா? கொட்டிக் குடுத்தும் தோக்கிற கிளப் எங்க தப்புது?

இன்னொண்ணு. அடுத்த டோர்னமென்டுக்கு வெளியாள் இறக்கலாம்னு கமிட்டியில ஒரு பேச்சு ஓடுது. பெரிய கிளப்புகள்கிட்ட இருந்து நமக்கு எடுத்துக்கிட ஏதாவது உண்டுன்னா அதையும் சேர்த்துச் சொல்லுங்க.

நாகர்கோவில்_ஆடிட்டர்:

தம்பி, எதை அளக்கிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வருவது டிரான்ஸ்பர் தொகை. ஆனால் லீக்கில் பிடிக்கும் இடத்தோடு நெருங்கி ஒட்டிப் போவது கிளப்பின் ஆண்டுச் சம்பளப் பட்டியல்தான். காரணம் உண்டு. டிரான்ஸ்பர் தொகை என்பது வேறொரு கிளப்போடு ஒப்பந்தம் மிச்சமிருக்கிற ஆளுக்கு மட்டும் கொடுப்பது. ஒப்பந்தம் முடிந்து வருகிறவருக்கும் சொந்த அகாடமியில் வளர்ந்தவருக்கும் அது பூஜ்யம். ரியல் மாட்ரிட் 2021இல் அலாபா, 2022இல் ரூடிகர், 2024இல் எம்பாப்பே என்று மூன்று பேரை டிரான்ஸ்பர் தொகை இல்லாமலே எடுத்தது. டிரான்ஸ்பர் பட்டியலைப் பார்த்தால் சிக்கனம் போலத் தெரியும். சம்பளப் பட்டியலைப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

ஒரு சீசனை மட்டும் எடுத்தால் இந்தத் தொடர்பு தளரும். காயம், நடுவர் முடிவு, கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்து எல்லாம் உள்ளே புகுந்துவிடும். பத்து ஆண்டுச் சராசரி எடுத்தால் சம்பள வரிசையும் லீக் வரிசையும் ஏறக்குறைய ஒன்றாக நிற்கும். லெஸ்டரை இங்கேதான் வைத்துப் பார்க்க வேண்டும். 2015-16இல் அவர்களுடைய சம்பளப் பட்டியல் சுமார் 80 மில்லியன் பவுண்டு. மான்செஸ்டர் யுனைடெட், செல்சி இரண்டுமே 200 மில்லியனுக்கு மேல். லெஸ்டர் 81 புள்ளியோடு முதலிடம், செல்சி பத்தாவது இடம். சரிதான். அதே லெஸ்டர் 2022-23இல் 200 மில்லியனுக்கு மேல் சம்பளம் கொடுத்து இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. உங்கள் குரூப்பில் முதல் பாதியைச் சொல்கிறவர்கள் இரண்டாம் பாதியையும் சொல்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

இனி கொட்டியும் தோற்பவர்கள் கதை. இதற்குக் கணக்குப் புத்தகம் எப்படி எழுதுகிறார்கள் என்று தெரிய வேண்டும். ஒருவரை 100 மில்லியனுக்கு ஐந்து வருட ஒப்பந்தத்தில் வாங்கினால் முதல் வருடமே 100 செலவு என்று எழுதமாட்டார்கள். வருடத்துக்கு 20 என்று பிரித்து எழுதுவார்கள். மூன்று வருடம் கழிந்தால் புத்தகத்தில் மீதி 40. அப்போது 40க்கு விற்றால் லாபமும் இல்லை நட்டமும் இல்லை. 25க்கு விற்றால் அந்த வருடமே 15 நட்டம். எனவே ஆள் சரியாக ஆடவில்லை என்று தெரிந்தும் விற்கத் தயங்குவார்கள். அதோடு, அவர் வாங்குகிற சம்பளத்தை வேறு எந்தக் கிளப்பும் கொடுக்காது, அவரும் குறைத்துக்கொண்டு போகமாட்டார். ஆள் பெஞ்சில், சம்பளம் பட்டியலில். ஒரே கிளப்பில் இப்படி நான்கு பேர் சேர்ந்தால் அடுத்த இரண்டு வருடத்துக்குக் கை கட்டிப் போட்டது மாதிரிதான்.

பார்சிலோனாவுக்கு நடந்தது இதுவே. 2017இலிருந்து டெம்பெலே, குட்டின்யோ, கிரீஸ்மன் மூவருக்கும் தலைக்கு 100 மில்லியன் யூரோவுக்கு மேல் கொடுத்தார்கள். 2021 ஆகஸ்டில் தலைவர் லபோர்ட்டா வாயாலேயே கடன் 1.35 பில்லியன் யூரோ, சம்பளம் வருமானத்தில் 103 சதவீதம் என்று வந்தது. ஸ்பெயின் லீக்கான லா லீகாவின் செலவு வரம்புக்குள் மெஸ்ஸியைப் பதிவு செய்ய முடியாமல் போனது. கையில் காசு புரளவில்லை என்பதல்ல சிக்கல். ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட ஒப்பந்தங்கள் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டன.

அகாடமி ஆள் விஷயத்தில் கணக்கு நேர் எதிர். அவருக்குப் புத்தக மதிப்பு பூஜ்யம், விற்கும் தொகை முழுக்க லாபம். செல்சி மேசன் மவுன்ட்டையும் கோனர் கேலகரையும் விற்றதில் இந்தக் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு. ரசிகன் "நம்ம பையனை ஏண்டா விக்கிறானுவ" என்று புலம்புவான்; கணக்கு அவனைத்தான் முதலில் விற்கச் சொல்லும். அசிங்கமான விதி என்பேன், ஆனால் விதி அதுதான்.

குளச்சல்_ரெட்:

ஆடிட்டர் அண்ணாச்சி கணக்கு சரிதான், ஆனா மழுப்புறீங்க. பணம்தான் எல்லாம்னு நேரா சொல்லிட்டுப் போங்களேன்.

2004ல போர்ச்சுகல் கிளப் போர்ட்டோ, ஐரோப்பாவோட பெரிய கோப்பையான சாம்பியன்ஸ் லீக்கை எடுத்தது. அந்தக் கோடையிலேயே கோச் மொரீன்யோவும் ரிக்கார்டோ கார்வால்யோவும் பாவ்லோ ஃபெரைராவும் செல்சிக்குப் போயாச்சு, டெக்கோ பார்சிலோனாவுக்கு. அதுக்குப் பிறகு 2025 வரைக்கும் 21 சீசன். ஜெயிச்ச கிளப் மொத்தம் பத்தே பத்து: லிவர்பூல், பார்சிலோனா, மிலான், யுனைடெட், இன்டர், செல்சி, பயர்ன், ரியல், சிட்டி, பிஎஸ்ஜி. இதுல ஒரு ஏழையைக் காட்டுங்க பார்ப்போம். இங்கிலாந்தோட முதல் டிவிஷனான பிரிமியர் லீக் 1992ல தொடங்குனதுல இருந்து 2025 வரை ஏழு சாம்பியன். லெஸ்டரைத் தள்ளிட்டா மிச்சம் எல்லாம் பெருங்காசு. சின்ன ஊருன்னு சொல்லுற பிளாக்பர்ன்கூட 1995ல ஓனர் ஜாக் வாக்கர் காசுலதான் ஜெயிச்சது.

பிரைட்டன், பிரென்ட்ஃபோர்ட் புத்திசாலின்னு எல்லாரும் எழுதுறான். பிரைட்டன் கைசேடோங்கிற ஆட்டக்காரரை நாலரை மில்லியன் பவுண்டு அளவுக்கு வாங்கி 100 மில்லியனும், கூடுதலா 15 வரைக்கும்னு வித்தான், ஒத்துக்கிடுதேன். கோப்பை எங்க? பிரைட்டனோட நல்ல சீசன் 2022-23ல ஆறாம் இடம், பிரென்ட்ஃபோர்ட் அதே வருசம் ஒன்பது. அந்தப் பிரைட்டனுக்கே ஓனர் டோனி புளூம் குடுத்திருந்த கடன் 2023ல 300 மில்லியன் பவுண்டைத் தாண்டியிருந்தது. புத்தி மட்டும் வச்சு அந்த இடத்துக்குப் போனான்னு சொல்லாதீங்க.

மார்த்தாண்டம்_கோச்:

குளச்சல் தம்பி சொல்கிற பத்துக் கிளப் கணக்கு சரி. ஆனால் அது பாதிக் கேள்விக்குத்தான் பதில். பணம் இல்லாதவன் அந்த மேசைக்கு வரமாட்டான். மேசையில் உட்கார்ந்த பிறகு யார் ஜெயிக்கிறார்கள் என்பது இன்னொரு கேள்வி. அங்கே எல்லாரிடமும் பணம் இருக்கிறது, அதனால் பணம் பிரித்துக் காட்டாது.

யுனைடெட்டைப் பாருங்கள். 2013க்குப் பிறகு போக்பா 89 மில்லியன் பவுண்டு, மகுவாயர் 80, ஆன்டனி 95 மில்லியன் யூரோ. 2024-25இல் 42 புள்ளி, பதினைந்தாம் இடம். கோளாறு வாங்கும் முறையில். ஒரு பயிற்சியாளர் இரண்டு விங்கர் (ஓரத்து ஆட்டக்காரர்) அகலமாக விளையாடும் முறைக்கு ஆள் கேட்பார், வாங்குவார்கள். அவரை அனுப்பிவிட்டு அடுத்து வருபவர் மூன்று டிஃபென்டர் முறைக்காரர். விங்கர்களுக்கு இடமே இருக்காது. ஒவ்வொரு மாற்றத்திலும் நான்கைந்து பேர் வேலைக்கு ஆகாதவர்களாக மிச்சம். ஆடிட்டர் சொன்ன புத்தக மதிப்புச் சிக்கல் இங்கே வந்து சேர்கிறது.

லிவர்பூல் செய்தது நேர் மாறு (குளச்சல் தம்பிக்கு இது தெரியும், தன் வாதத்துக்கு எதிராகப் போகும் என்று விட்டுவிட்டார்). 2018 ஜனவரியில் குட்டின்யோவை பார்சிலோனாவுக்கு விற்றார்கள். அந்தத் தொகையில் ஏறக்குறைய முழுசும் இரண்டே ஆளுக்குப் போனது: வான் டைக் 75 மில்லியன் பவுண்டு, கோலி (கோல்கீப்பர்) அலிசன் சுமார் 65 மில்லியன். அணியில் கசிவு எங்கே என்று பார்த்து அந்த இரண்டு இடத்தை மட்டும் அடைத்தார்கள். 2019 சாம்பியன்ஸ் லீக், 2020இல் 99 புள்ளியோடு லீக். அதே பணம் பார்சிலோனா பக்கம் என்ன ஆனது? குட்டின்யோவுக்கு அங்கே பொருந்துகிற இடமே அமையவில்லை. கடனுக்கு பயர்னுக்குப் போய், 2020 ஆகஸ்டில் பார்சிலோனாவுக்கு எதிரான 8-2 ஆட்டத்தில் மாற்றாளாக இறங்கி இரண்டு கோல் போட்டார். இரண்டு கிளப்புக்கும் ஒரே பணம், ஒரே ஆள்.

பிஎஸ்ஜி இன்னும் தெளிவு. 2017இல் நெய்மார் 222 மில்லியன் யூரோ, பிறகு எம்பாப்பே 180, 2021இல் மெஸ்ஸி. மூவரும் சேர்ந்து ஆடிய இரண்டு சீசனும் சாம்பியன்ஸ் லீக்கில் கடைசி 16 சுற்றோடு முடிந்தது. பந்து போனதும் முன்னால் மூன்று பேர் நடப்பார்கள், பின்னால் ஏழு பேர் ஓடுவார்கள். நல்ல எதிரணி நடுவில் ஒரு ஆள் கூடுதலாக வைத்து அந்த ஓட்டையில் புகுந்துவிடும். மூவரும் போன பிறகு பயிற்சியாளர் லூயிஸ் என்ரிகே முன்னால் நிற்கிறவனையும் துரத்த வைத்தார். 2025 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் இன்டரை 5-0. டெம்பெலே எதிரணி கோலி காலடி வரைக்கும் விரட்டிப் போனதை எல்லாரும் பார்த்தோம். உடனே "பணம் இல்லாமல் ஜெயித்தார்கள்" என்று யாரும் கிளம்ப வேண்டாம்: க்வாரட்ஸ்கேலியா சுமார் 70 மில்லியன் யூரோ, ஜோவாவ் நேவெஸ் 60, தூவே 50. அதுவும் பெருங்காசுதான், செலவழித்த இடம் வேறு.

லீக், கோப்பை வித்தியாசமும் முக்கியம். 38 ஆட்டத்தில் பணம் பேசும். காயம்பட்டவனுக்குப் பதில் அதே தரத்தில் இன்னொருவன் பெஞ்சில் இருப்பான். ஒரே ஆட்டத்தில் அந்தப் பெஞ்சு அவ்வளவு உதவாது. 2013இல் இங்கிலாந்தின் நாக்-அவுட் போட்டியான எஃப்ஏ கோப்பை இறுதியில் விகன், சிட்டியை 1-0 என்று தோற்கடித்தது, கார்னரில் வாட்சன் தலையால் முட்டிய கோல். அதே வாரம் விகன் லீக்கில் இறங்கியும் போனது. 2025 எஃப்ஏ கோப்பை இறுதியிலும் கிரிஸ்டல் பேலஸ் அதே சிட்டியை 1-0.

தூத்தூர்_லைன்மேன்:

எல்லாரும் இங்கிலாந்துலயே நிக்கியள். நம்ம நாட்டுல இதைவிட நல்ல பாடம் இருக்கு மக்கா.

மிசோரம் கிளப் ஐஸ்வால் எஃப்சி 2015-16ல தேசிய லீக்குகள்ல ஒண்ணான ஐ-லீக்ல இருந்து இறங்குனது. வேற கிளப்புகள் விலகினதால திரும்பச் சேர்த்தாங்க. 2016-17ல சாம்பியன். கோச் காலித் ஜமீல். மோகன் பகான், பெங்களூரு எல்லாம் இருந்த லீக் அது. சரி, அடுத்த சீசன் என்ன ஆச்சு? ஜமீலையும் நடுக்கள ஆட்டக்காரர் அல் அம்னாவையும் ஈஸ்ட் பெங்கால் கொண்டு போயாச்சு.

சென்னை சிட்டி அதைவிட நமக்குக் கிட்ட. கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்துல ஆடுன அணி. 2016-17, 2017-18 ரெண்டு வருசமும் எட்டாம் இடம். 2018-19ல அக்பர் நவாஸ் கோச்சா வந்தாரு, ஸ்பெயின் பக்கத்துல இருந்து மான்சி, நெஸ்டர், சாண்ட்ரோ, எஸ்லாவா. 20 ஆட்டத்துல 43 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 42. மான்சி மட்டும் 21 கோல். பெரிய பேரு யாரும் கிடையாது. ஒரே பாணியில பழகுன நாலு பேரை நடுவுல நட்டு, சுத்தி நம்ம பயலுவளை ஓட விட்டாங்க. பிறகு நெஸ்டர் ஹைதராபாத்துக்கு, மான்சி 2020 ஜனவரியில ஜப்பானுக்கு. அதோட தீந்து. அப்ப ஐ-லீக் ஜெயிச்சாலும் ஐஎஸ்எல்லுக்கு (இந்தியன் சூப்பர் லீக்) ஏத்தம் கிடையாதுல்லா? அந்த ஏத்தம் 2022-23 ஐ-லீக் சாம்பியனான பஞ்சாப்ல இருந்துதான் ஆரம்பம். ஜெயிச்சும் வருமானம் ஏறல, வருமானம் ஏறாம ஆளை எப்படி நிறுத்துவ?

நம்ம இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜும் இந்த வழியில போனவருதான். சென்னை சிட்டியில 2017-18 ஆடிட்டு ஜாம்ஷெட்பூர், பிறகு ஏடிகே. சின்ன கிளப் ஆளை உருவாக்கும், பெரிய கிளப் எடுத்துக்கிட்டுப் போவும்.

மறுபக்கம் மும்பை சிட்டி. மான்செஸ்டர் சிட்டியை வச்சிருக்கிற சிட்டி குழுமம் 2019 நவம்பர்ல 65 சதவீதம் வாங்குனது. 2020-21ல லீக் முதலிடத்துக்கான ஷீல்டும் அதுக்குப் பிறகு வர்ற இறுதிச் சுற்றுக் கோப்பையும் ரெண்டும் எடுத்தாச்சு. ஆனா அங்கயும் வெறும் காசு இல்ல. கோவாவுல இருந்து கோச் லொபேராவைக் கொண்டு வந்து, அவரு முறை தெரிஞ்ச ஆட்டக்காரங்களையும் கூடவே கூட்டிட்டு வந்தாங்க.

என் கணக்கு இது: பணம் இல்லாதவன் ஒரு தடவ ஜெயிப்பான். ரெண்டாம் தடவைக்குத்தான் பணம் வேணும்.

குளச்சல்_ரெட்:

லைன்மேன் அண்ணன் கடைசியா சொன்னதைத்தானே நான் தொடக்கத்துல இருந்து சொல்லுதேன். கோச் சார், குட்டின்யோ விஷயம்... சரி விடுங்க.

வள்ளவிளை_7:

நன்றி அண்ணன்மாரே. ஒரு சந்தேகம். இப்ப செலவுக்கு விதி இருக்குல்லா, பிறகு எப்படி ஓனர் காசைக் கொட்டுதான்? இங்கிலாந்து கிளப் எவர்டனுக்கு மட்டும் புள்ளி வெட்டுனது ஏன்?

நாகர்கோவில்_ஆடிட்டர்:

எவர்டனைப் பிடித்த பிரிமியர் லீக் விதி செலவை நேராகத் தடுக்கவில்லை, நட்டத்தைத் தடுத்தது. 2023-24இல் பிரிமியர் லீக்கில் இருந்த கணக்குப்படி மூன்று வருடத்துக்குச் சேர்த்து 105 மில்லியன் பவுண்டு வரை நட்டம் போகலாம். அதில் ஓனர் முதலாகப் போட்டு ஈடுகட்டாமல் அனுமதிப்பது 15 மட்டும். அகாடமி, பெண்கள் அணி, ஸ்டேடியக் கட்டுமானம் இதில் சேராது. ஐரோப்பியப் போட்டிகளுக்கு, அவற்றை நடத்தும் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யுஇஎஃப்ஏ வைத்திருப்பது வேறு: சம்பளம், வருடாவருடம் பிரித்து எழுதும் டிரான்ஸ்பர் தொகை, ஏஜென்ட் கமிஷன் மூன்றும் சேர்ந்து வருமானத்தில் 2023-24இல் 90, அடுத்து 80, 2025-26 முதல் 70 சதவீதத்துக்குள். ஆக அதிக வருமானம் உள்ளவனுக்கு அதிக இடம். பணக்காரனைக் கட்டுப்படுத்த வந்த விதி, பழைய பணக்காரனுக்குக் காவலாக நிற்கிறது.

எவர்டன் மட்டும் இல்லை. 2023 நவம்பரில் அவர்களுக்கு 10 புள்ளி வெட்டி, மேல்முறையீட்டில் 6 ஆனது, பிறகு இன்னொரு கணக்குக்கு 2. நாட்டிங்கம் ஃபாரஸ்டுக்கு 4. ஃபாரஸ்ட் விவகாரத்தைத் தேதியோடு படியுங்கள். கணக்கு மூடுவது ஜூன் 30. பிரென்னன் ஜான்சனை அவர்கள் டாட்டன்ஹாமுக்கு விற்றது செப்டம்பர் 1, 47.5 மில்லியன் பவுண்டு. பொறுத்திருந்தால் நல்ல விலை கிடைக்கும் என்று நின்றார்கள், கிடைக்கவும் செய்தது. ஆனால் பணம் அடுத்த வருடக் கணக்கில் விழுந்தது. வரம்பைத் தாண்டியது 34.5 மில்லியன்.

கொட்டுகிற வழிகளும் இருக்கின்றன. செல்சி எட்டரை வருட ஒப்பந்தம் போட்டது. 100 மில்லியனை ஐந்துக்குப் பதில் எட்டரையால் வகுத்தால் வருடத்துக்கு 12க்குக் கீழே வந்துவிடும். 2023இல் யுஇஎஃப்ஏ, அந்த டிசம்பரில் பிரிமியர் லீக், இரண்டும் ஐந்து வருடத்துக்கு மேல் பிரிக்கக்கூடாது என்று அடைத்தன. இரண்டு ஹோட்டலைத் தன் குழுமக் கம்பெனிக்கே விற்றார்கள். யுஇஎஃப்ஏ அந்த வகை வருமானத்தை ஏற்கவில்லை. 2025 ஜூலையில் செல்சிக்கு 31 மில்லியன் யூரோ அபராதம். இன்னொரு வழி, ஓனருக்கு வேண்டிய கம்பெனியே ஸ்பான்சர் ஆவது. அதனால்தான் அப்படிப்பட்ட ஒப்பந்தத்தைச் சந்தை விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். சிட்டி மீது 2023 பிப்ரவரியில் பிரிமியர் லீக் சுமத்திய நூற்றுக்கு மேற்பட்ட குற்றச்சாட்டுகளில் வருமானக் கணக்கைச் சரியாகக் காட்டவில்லை என்பதும் உண்டு. கிளப் மறுத்தது.

மார்த்தாண்டம்_கோச்:

உங்கள் கமிட்டி விஷயத்துக்கு வருகிறேன், யாரும் அதைத் தொடவில்லை.

டோர்னமென்ட் நாக்-அவுட் என்றால் மேலே சொன்ன விகன் கணக்குதான் உங்களுக்கு. நான்கைந்து ஆட்டம், ஒவ்வொன்றும் ஒரு கோலில் முடியும். வெளியாள் இறக்குவதாக இருந்தால் ஃபார்வேர்டு வேண்டாம். எல்லாக் கமிட்டியும் முதலில் அதைத்தான் தேடும், விலையும் அதற்குத்தான் அதிகம். சாயங்காலம் வண்டியில் வந்து இறங்குகிற ஃபார்வேர்டுக்கு உங்கள் பையன்கள் பந்தை எப்போது, எந்தக் காலுக்குக் கொடுப்பார்கள் என்று தெரியாது. முக்கால் மணி நேரம் கையை உயர்த்தி நிற்பார். கோலிக்கும் நடு டிஃபென்டருக்கும் அந்தப் பழக்கம் குறைவாகப் போதும். உயரப் பந்தை எடுக்கவும், பின்வரிசையைச் சத்தம்போட்டு நிறுத்தவும் ஒரே நாளில் முடியும். கூடியது இரண்டு பேர், அந்த இரண்டு இடத்துக்கு. கூட்டமாக எதிரணியை நெருக்கும் ஆட்டத்தை வெளியாளை வைத்துக்கொண்டு முயற்சிக்க வேண்டாம். யார் எப்போது முன்னேறுவது என்று பழக ஐந்தாறு பயிற்சியாவது சேர்ந்து வேண்டும். ஒருவர் தாமதித்தால் பின்னால் முழுக்கத் திறந்துவிடும்.

மிச்சப் பணத்தில் நல்ல பந்து பத்து வாங்குங்கள், டோர்னமென்டில் ஆடப்போகும் அதே பிராண்டு, அதே காற்று அழுத்தம். மணலில் மட்டும் பழகினால் கட்டாந்தரையில் பந்து எழும்பும் வேகம் பிடிபடாது, வாரத்துக்கு இரண்டு நாளாவது தரையில் இறக்குங்கள். அந்த இரண்டு நாளும் கடைசி இருபது நிமிடம் கார்னர் மட்டும். இரண்டே முறை போதும்: ஒன்று கிட்டக் கம்பத்துக்கு வேகமாக, ஒருவர் தொட்டுத் திருப்ப, இன்னொருவர் தூரக் கம்பத்தில் ஓடி வருவது; மற்றது கோலி முன்னால் இருவர் நின்று பார்வையை மறைக்க, ஆறு கெஜக் கோட்டுக்கு வளைத்து அடிப்பது. அடிப்பவர் ஒரே ஆளாக இருக்கட்டும்.

பெனால்டிக்கு ஐந்து பேர் பெயரையும் வரிசையையும் ஆட்டத்துக்கு முன்பே எழுதி வையுங்கள், ஆறாவது ஏழாவது ஆளையும் சேர்த்து. வெளியாளை அந்தப் பட்டியலில் போடுவதானால் பணம் முழுவதையும் முன்கூட்டிக் கொடுத்து முடித்துவிடுங்கள். டச்-லைனில் நின்று கணக்குப் பேசிக்கொண்டு யாரும் நல்ல பெனால்டி அடித்ததில்லை.

வள்ளவிளை_7:

கமிட்டி ஃபார்வேர்டுக்குத்தான் அட்வான்ஸ் குடுக்கப் போவுது கோச். இன்னும் குடுக்கல்ல. இதை அப்படியே குரூப்புல போட்டு விடுதேன்.